சுவாமியின் இடது கால்

துவாதசி காலையில் எங்கள் மடத்தில் தீர்த்தம் கொடுப்பார்கள். பெருமாள் தீர்த்தம் இல்லை, அது அப்புறம். முதலில் ஸ்ரீபாத தீர்த்தம். அதாவது மடத்து சுவாமியின் காலைக் கழுவிய தண்ணீர். அவர் வெள்ளித் தாம்பாளத்தில் காலை வைத்துக்கொள்வார். ஒருவர் சொம்பால் மெதுவாக விடுவார். தாம்பாளத்தில் தேங்கியதில் பச்சைக் கற்பூரமும் ஏலக்காயும் கலந்து, வட்டிலில் எடுத்து வந்து, ஆண்களுக்கு முதலில், பெண்களுக்குப் பிறகு, உள்ளங்கையில் விடுவார்கள். குடித்துவிட்டு ஈரக் கையைத் தலையில் துடைத்துக்கொள்ள வேண்டும். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் இதைக் குடித்துத்தான் நான் வளர்ந்தேன். ஆகையால் கிழவி நாத்திகம் பேசுகிறாள் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம்.

ஆவணி மாதத்து துவாதசி ஒன்றில் தீர்த்தம் என் கையில் விழுந்ததும் நாற்றம் அடித்தது. பரண்மேல் எலி செத்துக் கிடந்தால் வீடெல்லாம் வருமே, அந்த நாற்றம். பச்சைக் கற்பூரத்தை வாரிக் கொட்டியிருந்தார்கள். நாற்றத்தின் மேல் கற்பூரத்தைக் கொட்டினால் நாற்றம் போய்விடுமா என்ன, இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறியது. எனக்கு முன்னால் நின்ற நீரஜா மாமி கண்ணை மூடி ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, கையைக் கூந்தலில் தேய்த்துக்கொண்டாள்.

“என்ன பரிமளம் பாத்தியா பாமா” என்றாள்.

நான் குடிக்கவில்லை. கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

அந்தக் கால் யாருடையது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அகத்துக்காரருடையது. சக்ரபாணி என்று பெயர். திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சம்ஸ்கிருத வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய சுவாமி படுத்த படுக்கையானபோது, அடுத்த சுவாமியாக வரச் சொல்லி இவரைக் கேட்டார்கள். எங்கள் சம்பிரதாயத்தில் குடும்பஸ்தனும் துறவு வாங்கிக்கொள்ளலாம், மனைவி சம்மதித்தால். நான் சம்மதித்தேன். பிள்ளை வேங்கடேஷ் சித்தூரில் வேலையில் அமர்ந்து, கல்யாணமும் ஆகியிருந்தது. காலமெல்லாம் இவருக்குக் காபி கலந்து கொடுத்த கைக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்றுகூட நினைத்தேன். அவர் தனக்குத் தானே சிராத்தம் பண்ணிக்கொண்டு, குளத்தில் மூழ்கி, காவியோடு கரையேறினார். அன்றிலிருந்து அவருக்கு மனைவி இல்லை. எனக்குத் தாலி மட்டும் இருக்கலாம் என்றார்கள். அவர் என் பெயரைச் சொல்லக் கூடாது. நான் மற்றப் பெண்களோடு வரிசையில் நின்று, தரையில் விழுந்து சேவித்து, அவர் கால் கழுவிய தண்ணீரைக் குடிக்க வேண்டும். வருஷக்கணக்காக முகம் சுளிக்காமல் குடித்தேன். மடத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே என் வாசலில் நாலு பேர் வந்து நிற்பார்கள்.

இவருக்குச் சர்க்கரை வியாதி. வீட்டில் இருந்தவரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மடத்தில் யார் பார்ப்பது? பிக்ஷை சமர்ப்பிக்கிறவர்கள் ஒருநாள் அக்காரவடிசில், ஒருநாள் திருக்கண்ணமுது என்று இனிப்பாகவே கொண்டுவந்து குவிப்பார்கள். சுவாமி ஒரு வாய் அமுது செய்தால்தான் அவர்களுக்கு ஜன்மம் கடைத்தேறும். மரப் பாதுகையின் குமிழ் இடது கால் கட்டைவிரல் இடுக்கில் உரசிக் கொப்புளம் வந்தது. கொப்புளம் உடைந்து புண்ணானது. அந்தப் புண்ணின் மேல் தண்ணீர் விட்டுத்தான் துவாதசிக்குத் துவாதசி ஊருக்கெல்லாம் வார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மடத்து நிர்வாகம் முழுக்க ஆதிநாராயணன் கையில். ஸ்ரீகார்யம் என்று அந்தப் பதவிக்குப் பெயர். ஐம்பது வயது, மொழுமொழுவென்ற உடம்பு, எந்நேரமும் கூப்பிய கை. அன்றைக்கே அவரிடம் போனேன். வாழை இலைக் கட்டைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தார்.

“சுவாமி கால்ல என்ன?” என்றேன்.

“திருமேனி கொஞ்சம் நோவு சாத்திண்டிருக்கார் மாமி. சரியாப் போயிடும்.”

“நோவு சாத்திக்கலை. அழுகறது. எனக்கு மூக்கு இருக்கு. உடனே ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போங்கோ.”

அவர் இலையைக் கீழே வைத்தார். “ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன சொல்லுவான்? காலை எடுக்கணும்பான். அங்கஹீனமானவர் பீடத்துல எழுந்தருளி இருக்கப்படாது, திருவாராதனம் பண்ணப்படாது. பரம்பரை என்னாறது?”

“காலை எடுக்காட்டா ஆளே போயிடுவாரே ஐயா!”

“போனா முழுசாப் போவார் மாமி. பூமியில சேர்த்து மேல பிருந்தாவனம் கட்டிக் கொண்டாடுவோம். அதுக்கு மேல ஒரு சன்யாசிக்கு என்ன பாக்கியம் வேணும்?”

இதைச் சொல்லிவிட்டு மறுபடி இலையை எடுத்தார். கிழிந்தவற்றைத் தனியாகப் போட்டார். சீழுக்கும் ஒரு மரியாதைச் சொல், சாவுக்கும் ஒரு மரியாதைச் சொல். வாயைத் திறந்தால் நெய்யாக ஒழுகுகிற அந்தப் பேச்சைப் போல அருவருப்பான ஒன்றை நான் கண்டதில்லை. பிள்ளைக்கு ஃபோன் பண்ணினேன். “மடத்து விஷயத்துல நாம எப்படிம்மா தலையிடறது? அப்பா இப்ப நம்ம அப்பா இல்லையே” என்றான். பெற்ற வயிற்றைத் தடவிக்கொண்டு ஃபோனை வைத்தேன்.

அடுத்த ஏகாதசியன்று சேவிக்கப் போனபோது வேண்டுமென்றே கடைசியில் நின்றேன். இவர் பலகையில் சாய்ந்திருந்தார். காலை மஞ்சள் பட்டால் மூடியிருந்தார்கள். பட்டில் ஈ மொய்த்தது. விசிறுகிற ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விசிறினான். நான் விழுந்து எழுந்திருக்கும்போது இவர் உதடு அசைந்தது.

“பாமா, கால் எரியறது. தாங்க முடியலை.”

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் பெயர். அது அவர் நாக்கில் வரவே கூடாத பெயர். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. இந்த மனுஷனைச் சாக விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

புத்தூர் சாலையில் கன்னியாஸ்திரீகள் ஒரு சின்ன மருந்தகம் நடத்துகிறார்கள். எனக்கு ஒருதடவை கொதிக்கிற எண்ணெய் கையில் தெறித்தபோது அங்கேதான் கட்டுப் போட்டேன். ரூபா சிஸ்டர் என்று ஒரு பெண். பாலசமுத்திரம் பக்கத்துக்காரி, நர்ஸ் படித்தவள். அவளுடைய நைனா இன்னும் அங்கே வேர்க்கடலை போட்டுக்கொண்டிருக்கிறார். அவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, உச்சுக்கொட்டவும் இல்லை.

“கழுவுன தண்ணிய குடிக்கிறாங்களா? அந்தப் புண்ணு மேல ஊத்துனதையா?” என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, “நான் வந்து பாக்கறேம்மா. எந்தப் பக்கமா வர்றது?” என்றாள்.

மாட்டுக்கொட்டில் பக்கமாக ஒரு கதவு இருந்தது. மத்தியானம் தளிகை முடிந்து எல்லோரும் உண்ட மயக்கத்தில் படுத்திருக்கும் நேரத்தில் அவளை அழைத்துப் போனேன். கழுத்துச் சிலுவையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சாதாரணப் புடவையில் வந்தாள். நான் வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றேன். பட்டைத் தூக்கியதும் அவள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

“இன்னாம்மா இது, புழு வச்சிக்கீது. இத்தினி நாளா யாருமே பாக்கலையா?”

நான் திரும்பிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். கட்டைவிரல் கறுத்துச் சூம்பி இருந்தது. அதற்குப் பின்னால் பாதத்தில் ஒரு குழி. குழியில் வெள்ளையாக நெளிந்தன. இந்தக் காலைக் கழுவித்தான் நீரஜா மாமி பரிமளம் என்று குடித்தாள். ஓடிப்போய் மாட்டுத் தொட்டியருகில் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி நின்றேன்.

ரூபா டர்பன்டைன் ஊற்றி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தார்.

“சாமி, நோவுதுன்னா கத்துங்க. மந்திரமெல்லாம் அப்பால சொல்லிக்கலாம்” என்றாள் அவள்.

இவர் கத்தினார். “அம்மா” என்று குழந்தை போலக் கத்தினார். கத்தி முடித்துவிட்டு முகம் தெளிந்து அவளைப் பார்த்தார். உள்ளே தூங்கியவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாள். நாற்றம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் அவள் என்னிடம் ஒளிக்கவில்லை. “டிரஸ்ஸிங் பண்ணி ஆவாதும்மா. காலை எடுத்தே தீரணும். இப்ப எடுத்தா முட்டிக்குக் கீழ எடுப்பாங்க. லேட் பண்ணா முட்டியும் போவும், அப்பால உசுரும் போவும்” என்றாள். இவரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒருநாள் அவள் கட்டுப் போட்டு முடிக்கும் நேரத்தில் ஆதிநாராயணன் உள்ளே வந்துவிட்டார். கூச்சல் போடுவார் என்று பார்த்தேன். இல்லை. கை கூப்பி, “ரொம்ப சிரமம் எடுத்துண்டேள். போயிட்டு வாங்கோம்மா” என்று அவளை வழியனுப்பினார். அவள் தெருத் திரும்பியதும் வேலை ஆரம்பமாயிற்று. அறை முழுக்கக் கோமியம் தெளித்தார்கள். பிற மதத்துக் கன்னியாஸ்திரீ தொட்ட தோஷம் போக சுவாமி பஞ்சகவ்யம் சாப்பிட வேண்டும் என்றார்கள். சாப்பிட்டார். அதோடு விட்டிருந்தாலும் போகிறது. அவள் கை கட்டிய கட்டு ஆயிற்றே என்று அதை அவிழ்த்து எறிந்துவிட்டு, மாட்டுச் சாணமும் மூத்திரமும் கலந்த அந்தக் கரைசலைப் புண்ணின் மேலேயே ஊற்றினார்கள். அவள் பத்து விரலும் நோகச் சுத்தம் பண்ணிய புண்! தாழ்வாரத்தில் நின்றிருந்த எனக்கு இவர் அலறல் கேட்டது. உள்ளே போக விடாமல் இரண்டு பேர் வழியை மறித்துக்கொண்டு, “மாமி, ஆசாரம் மாமி” என்றார்கள்.

ரூபாவைத் தேடி ஓடினேன். அவர்கள் கான்வென்டின் முன்னறையில் மதர் என்னை உட்கார வைத்துப் பிஸ்கட் கொடுத்தார். மெல்லிய குரல், கூப்பிய கை. மடத்து ஆட்கள் சிலர் கேட்டில் வந்து நின்று, மதம் மாற்ற ஆள் அனுப்புகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்களாம்.

“நாங்க இங்க சின்ன சபைம்மா. பிரச்சனை தாங்க மாட்டோம். சுவாமிக்காகத் தினமும் ஜெபிக்கறோம்” என்றார்.

“ஜெபம் இருக்கட்டும். நாளைக்கு ஒருதரம் அந்தப் பெண்ணை அனுப்புங்கோ. கட்டை மட்டும் மாத்திட்டு வந்துடட்டும்.”

“சிஸ்டருக்கு வரதய்யபாளையத்துக்கு மாற்றல் ஆயிடுச்சு. எல்லாம் இறைவன் சித்தம்.”

ஆதிநாராயணனுக்குப் பகவத் சங்கல்பம், இந்த அம்மாளுக்கு இறைவன் சித்தம். மடத்துக்குப் பதில் கான்வென்ட், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு மனுஷன் அழுகிச் செத்தாலும் தன் வீட்டு வாசலில் கறை படக்கூடாது என்பதில் இரண்டு பேரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பிஸ்கட்டைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

ரூபா கொல்லைப் பக்கம் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஜீப்புக்குக் காத்திருந்தாள்.

“போக மாட்டேன்னு சொல்லேன்” என்றேன்.

“கீழ்ப்படியறேன்னு வார்த்தைப்பாடு குடுத்துக்கீறேம்மா. சொல்ல முடியாது.” அவள் கண் சிவந்திருந்தது. “பெரிய வியாழக்கிழமை எங்க ஃபாதர் பன்னெண்டு பேரு காலைக் கழுவுவாரு. ஏசு கழுவுனாரே, அந்த மாதிரி. அந்தப் பன்னெண்டு பேரும் வூட்லயே சோப்பு போட்டுத் தேச்சிக் கழுவிக்கினுதான் வந்து குந்துவாங்க. நெஜமா ஒரு காலைக் கழுவப் போனேன், என்னைத் தூக்கி அடிச்சிட்டாங்க.”

ஜீப் வந்தது. ஏறும்போது, “இன்னும் ரெண்டு மூணு நாளுதாம்மா தாங்கும். யாரையும் கேக்காதீங்க. வண்டியக் கூப்ட்டு நீங்களே தூக்கிக்கினு போயிடுங்க” என்றாள்.

தூக்கிக்கொண்டு போவது எப்படி? மடம் முழுக்க அவர்கள் ஆட்கள். கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது இரண்டு நாளில் வர இருந்த துவாதசிக் காலையைத்தான். ஊர் ஜனமெல்லாம் கூடியிருக்கும். அத்தனை பேர் முன்னால் என்னைப் பிடித்துத் தள்ள ஆதிநாராயணனுக்குத் தைரியம் வராது.

நூற்றியெட்டுக்கு ஃபோன் பண்ணி வண்டியை வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போனேன். தாம்பாளம் வந்துவிட்டது. இவரை நாலு பேர் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். முகம் சாம்பல் பூத்திருந்தது, தலை நிற்கவில்லை. அந்த நிலையிலும் காலைத் தாம்பாளத்தில் எடுத்து வைத்து, ஒருவன் சொம்பைச் சாய்த்தான்.

“நிறுத்துங்கோ” என்று கத்தினேன். “யாரும் அதைக் குடிக்காதீங்கோ. சுவாமி கால்ல புழு. நான் கண்ணால பாத்தேன். நீங்க குடிக்கறது சீழ்.”

நாலு பேராவது காறித் துப்புவார்கள், யாராவது ஓடிப்போய் வாயைக் கொப்பளிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லோருக்கும் அருவருப்புத்தான் வந்தது. ஆனால் தண்ணீர்மேல் இல்லை, என்மேல். நீரஜா மாமி தலையில் அடித்துக்கொண்டாள்.

“என்ன வார்த்தை சொல்றே பாமா! ஆசார்யன் திருமேனியில இருந்தா புழுவும் பாகவதாள்தான். அதுகள் பண்ணின பாக்கியம் நமக்குண்டா?” என்றாள். இரண்டு மூன்று பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி வீம்புக்கென்றே கையை நீட்டி வாங்கி, என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

ஆதிநாராயணன் கூப்பிய கையோடு என்னிடம் வந்தார். “மாமிக்கு மனசு சரியில்லை. ஆத்துக்கு அழைச்சுண்டு போங்கோ” என்றார் பக்கத்தில் இருந்தவர்களிடம். இரண்டு பெண்கள் என் தோளைப் பிடித்தார்கள்.

அப்போது இவர் தலையைத் தூக்கினார். பெண்கள் பக்கம் கையை நீட்டினார்.

“பாமா, என்னை அழைச்சுண்டு போ. நான் சாகலை. நான் இருக்கணும்.”

பீடத்தில் இருந்து வந்த வார்த்தை. அதை யாரால் மீற முடியும்? பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். வண்டி ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு செருப்புக் காலால் நேரே உள்ளே வந்தார்கள். தாம்பாளம் தட்டிக் கவிழ்ந்தது. நான் அவரைத் தொட்டுத் தூக்கினேன். மனைவியாகத்தான் தூக்கினேன்.

பெரியாஸ்பத்திரியில் அன்றைக்கே எடுத்தார்கள். ரூபா சொன்னதுதான் நடந்தது, தாமதமாகிவிட்டதால் முட்டியும் போயிற்று. ஆனால் உயிர் நின்றது. தியேட்டரில் இருந்து வந்த ஆள், எடுத்த காலை நீங்கள் கொண்டுபோகிறீர்களா, நாங்கள் அப்புறப்படுத்தவா என்று தெலுங்கில் கேட்டான். அந்தக் கேள்வியே புரியாமல் விழித்தேன். என் பின்னால் இருந்து, “மடம் எடுத்துக்கும்” என்று ஆதிநாராயணன் குரல் கேட்டது.

எப்போது வந்தாரோ தெரியாது. “சன்யாசி திருமேனியைத் தகனம் பண்ணப்படாது, குப்பையில போடப்படாது. சாஸ்திரப்படி பூமியில சேர்த்துடறோம் மாமி” என்றார். எங்கேயோ புதைக்கட்டும், சனியன் ஒழிந்தது என்று தலையை ஆட்டிவிட்டேன். பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்ததை அவர் பட்டு விரித்த வெள்ளித் தாம்பாளத்தில் வாங்கிக்கொண்டார். இத்தனை நாளும் அந்தக் காலுக்கு ஒரு துளி மருந்து போடாத மனுஷன், இப்போது அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கீழே இரண்டு பேர் குடையோடு காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே பாசுரம் சொல்லும் சேவாகால கோஷ்டி ஆரம்பமாகிவிட்டது. நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரியில் மடத்து ஆள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நான்தான் உடம்பு துடைத்தேன், மூத்திரப் பாத்திரம் எடுத்தேன், இட்லியைப் பிட்டுக் கொடுத்தேன். சர்க்கரை இறங்கியது. ஒருநாள் காலையில், “பாமா, ஒரு வாய் காபி கிடைக்குமா?” என்றார். காவி வாங்கிய நாளில் விட்ட காபி. வாசல் கடையில் வாங்கி வந்து ஆற்றிக் கொடுத்தேன். சப்புக்கொட்டிக் குடித்தார். வேங்கடேஷும் கடைசியில் வந்து பார்த்துவிட்டு அழுதான். சித்தூரில் அவன் வீட்டுக் கீழ்ப்பகுதி காலியாக இருக்கிறது, படியே இல்லை, கக்கூஸில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டுவிடுகிறேன் என்றான். “வரேளா?” என்று இவரிடம் கேட்டேன். “வரேன்” என்றார். நான் இரண்டு வேஷ்டி வாங்கினேன். வெள்ளை வேஷ்டி.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று ஆதிநாராயணன் வந்தார். கூட இரண்டு பேர். கையில் பட்டுச் சுற்றிய வெள்ளி வட்டில். கட்டிலுக்கு முன்னால், அந்த டெட்டால் தரையில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார்கள்.

“புது சுவாமி பட்டத்துக்கு வந்தாச்சு. தேவரீர் ஏகாந்தத்துல எழுந்தருளியிருக்கறதா அறிவிச்சிருக்கோம். திருவடி பிருந்தாவனம் துளசி மாடத்துப் பக்கத்துல பிரதிஷ்டை ஆயிடுத்து. நெல்லூர், காஞ்சீபுரத்துலேர்ந்தெல்லாம் ஜனங்க வரா” என்றார் ஆதிநாராயணன்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் விளங்கியது. வெட்டி எடுத்த காலை உப்பிலும் கற்பூரத்திலும் இறக்கி, மேலே மாடம் கட்டிப் பூஜை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் இங்கே இட்லி தின்று கொண்டிருக்கும்போதே! இவர் சீறப்போகிறார் என்று நினைத்தேன். வெளியே போங்கோடா என்று கத்தப்போகிறார் என்று இவர் முகத்தைப் பார்த்தேன்.

இவர் முகம் மலர்ந்திருந்தது.

“திருமண் சாத்தினேளோ?” என்று கேட்டார்.

“சாத்தினோம்.”

“எந்தத் திக்கு?”

“கிழக்கு.”

“விரல் கிழக்கேயா, குதிகால் கிழக்கேயா?”

“விரல் கிழக்கே.”

“நல்லது” என்றார். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கும் குரல் திரும்பி வந்துவிட்டது. தினமும் எத்தனை வேளை ஆராதனம், யார் கைங்கர்யம் என்று விசாரித்தார். பின்கட்டில் ஓர் அறை ஒழித்து வைத்திருப்பதாக ஆதிநாராயணன் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை, யார் கண்ணிலும் படக்கூடாது. ஒற்றைக் காலோடு இவரைப் பார்த்துவிட்டால் பிருந்தாவனத்துக்கு வருகிறவர்களுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிடுமாம். இவர் அதற்கும், “அதுதானே முறை” என்றார். நான் இருக்கணும் என்று அன்றைக்குக் கெஞ்சினாரே, எதற்காக இருக்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“திருவடி தீர்த்தம் கொண்டுவந்திருக்கோம்” என்று ஆதிநாராயணன் வட்டிலைத் திறந்தார். பிருந்தாவனத்தின் மேல் விட்டு எடுத்த தண்ணீர்.

இவர் கையை நீட்டினார். தன் காலைக் கழுவிய தண்ணீரை, அந்தக் கால் இல்லாமல் உட்கார்ந்துகொண்டு, கண்ணை மூடிக் குடித்தார். ஈரக் கையைத் தலையில் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டினார்.

“அந்த அம்மாளுக்கும் ஸாதியுங்கோ.”

அந்த அம்மாள். காலையில்தான் நான் அவருக்குக் கழுவி விட்டிருந்தேன்.

நான் கையை நீட்டவில்லை. ஆதிநாராயணன் கையிலிருந்து வட்டிலையே வாங்கிக்கொண்டேன். குனிந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த மூத்திரப் பாத்திரத்தை வெளியே இழுத்து, அதில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றினேன். வட்டிலைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

இவர் அழ ஆரம்பித்தார். கால் போனது தெரிந்து கண் விழித்தபோதுகூட அழாத மனுஷன். அந்தப் பாத்திரத்தைப் பார்த்துப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார். அதற்குள் கையை விட்டுவிடுவாரோ என்று ஒரு கணம் பயந்தேன். உலகத்தில் என்னால் தாங்க முடியாத ஒன்று இருந்தால் அது அதுதான்.

வேஷ்டி இரண்டையும் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டுச் சித்தூர் பஸ் ஏறினேன்.